பெயர் எழுதப்படாத தச்சர்

(மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி வாசகம்: மத்தேயு 13:54-58)





இன்றைய நற்செய்தியில் இயேசு தம் சொந்த ஊருக்கு வருகிறார். தொழுகைக்கூடத்தில் கற்பிக்கிறார். கேட்டவர்கள் முதலில் வியக்கிறார்கள். அடுத்த நொடியே அந்த வியப்பு முகச்சுளிப்பாக மாறிவிடுகிறது. அவர் சொன்னதில் குறை ஏதும் கண்டார்களா? இல்லை. அவர் தச்சருடைய மகன் என்பது அவர்களுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. நம் வீட்டுக் கதவைச் செப்பனிட்டவரின் பையன், நம் ஏருக்கு நுகம் செய்து கொடுத்தவரின் பையன், இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஞானம்? இதுதான் அவர்களுடைய நினைப்பு. மாற்கு நற்செய்தி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே இயேசுவையே தச்சர் என்கிறார்கள். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. குறைத்துப் பேசத்தான் சொன்னார்கள்.

இந்த விழாவுக்குப் பெரிய பழைமை கிடையாது. 1955-ஆம் ஆண்டு மே முதல் நாள், உரோமையில் கூடியிருந்த தொழிலாளர்களின் முன்னிலையில், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதை அறிவித்தார். உலகம் தொழிலாளர் நாளாகக் கொண்டாடிய அதே நாளை அவர் தேர்ந்துகொண்டார். உளி பிடித்துக் காய்த்துப்போன ஒரு கையின் நிழலில்தான் இறைமகன் வளர்ந்தார் என்பதைத் திருச்சபை அன்று உரக்கச் சொன்னது.

இன்று நாம் இன்னொரு தச்சரைப் பற்றியும் சிந்திப்போம். இவர் நாசரேத்தில் வாழ்ந்தவர் அல்லர். நம் முத்துக்குளித்துறைக் கடலில், நோய் பிடித்த ஒரு கப்பலில் இருந்தவர். இவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இவர் கையால் செதுக்கியது என்று நம் முன்னோர் சொல்லி வந்த ஓர் உருவத்தின் முன் இன்றும் ஆயிரக்கணக்கானோர் மண்டியிடுகிறார்கள்.

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து உவரிக்கு வருகிறோம். அங்கே கடற்கரை மணலில் புனித அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. அது தோன்றிய கதையை நம் பாட்டிமார் இப்படிச் சொல்லுவார்கள். 400 ஆண்டுகளுக்கும் முன்னால், போர்த்துக்கீசியர்களின் கப்பல் ஒன்று இந்தக் கடல்வழியே போய்க்கொண்டிருந்தது. கப்பலில் வாந்திபேதி பரவியது. ஒருவர் பின் ஒருவராக மாலுமிகள் விழுந்தார்கள். அப்போது கப்பலில் இருந்த தச்சர் ஒருவர், புனித அந்தோணியாரின் உருவத்தை மரத்தில் செதுக்கினார். நாங்கள் பிழைத்தால், நாங்கள் இறங்கும் கரையில் உம்மை வைத்து வணங்குவோம் என்று நேர்ந்துகொண்டார்கள். நோய் நீங்கியது. கப்பல் அடைந்த கரை உவரி. ஒரு குடிசை போட்டு அந்த உருவத்தை அதில் வைத்துவிட்டு அவர்கள் போனார்கள்.

வாய்வழியாக வந்த மரபு இது. மரபு என்றே இதை எடுத்துக்கொள்வோம். ஆனால் இந்தக் கதையை நாம் கேட்கும்போது, எப்போதும் முடிவுக்கு ஓடிவிடுகிறோம். நோய் நீங்கியது, கோயில் எழுந்தது, புதுமைகள் நடந்தன என்று போய்விடுகிறோம். நடுவில் இருப்பதை இன்று நின்று பார்ப்போம். அந்தத் தச்சர் செதுக்கிய நாள்களைப் பார்ப்போம்.

அந்தக் காலத்துப் பாய்க்கப்பலில் தச்சருக்கு ஓய்வு கிடையாது. லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம். வழியில் பாய்மரம் முறிந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுக்கான் ஆடினாலும், பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தாலும் அவர்தான் வர வேண்டும். நம் தோணி கட்டுகிற ஓடாவிகளுக்கு இது புரியும். தரையில் வீடு கட்டும் தச்சர் ஒரு வேலையை நாளைக்கு என்று தள்ளி வைக்கலாம். கடலில் தச்சர் தள்ளி வைத்தால் ஆள் போய்விடும். அப்படிப்பட்ட ஒருவர், கூட இருந்தவர்கள் கண் செருகிக் கிடக்கும்போது, ஒரு மரத்துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கத்தியால் சிறிய உருவம் செதுக்குவது எப்படிப்பட்ட வேலை? முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். மரத்துக்குள் நார் ஒரு திசையில் ஓடும். கத்தி அந்த ஓட்டத்தோடு போனால் சீவல் சுருண்டு சுருண்டு வரும். எதிர்த்துப் போனால் கத்தி உள்ளே இறங்கி, நாம் நினைக்காத இடத்தில் மரம் பிளந்துவிடும். கணு இருக்கும் இடத்தில் நார் வளைந்து சுற்றிப் போகும். அங்கே அவசரப்பட முடியாது. நான்கு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வேண்டும். ஈரம் காயாத மரம் கத்திக்கு எளிதாக இடம் கொடுக்கும், ஆனால் பிறகு காயும்போது வெடிக்கும். தேக்கு காற்றுக்கும் உப்புக்கும் தாங்கும், ஆனால் கத்தியின் முனையை விரைவில் மழுங்கடித்துவிடும். திரும்பத் திரும்பச் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும்.

கத்தியைப் பற்றி எந்தத் தச்சரைக் கேட்டாலும் ஒன்று சொல்லுவார். கையை வெட்டுவது கூரான கத்தி அல்ல, மழுங்கிய கத்திதான். கூரான கத்தி சொன்ன இடத்தில் போகும், சொன்ன இடத்தில் நிற்கும். மழுங்கிய கத்தியை பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். தள்ளும்போது அது வழுக்கி, மரத்தைப் பிடித்திருக்கும் கையில் பாயும். நம் கோபத்தையும் நம் நாக்கையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கே புரியும். தீட்டி வைத்துக்கொள்ளாத சொல்லைத்தான் நாம் பலம் கொடுத்து வீசுகிறோம். அது நாம் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களையே காயப்படுத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. குயவரின் வேலையும் தச்சரின் வேலையும் ஒன்றல்ல. மண்பாண்டம் கோணிப்போனால் குயவர் அதே மண்ணைப் பிசைந்து மறுபடி வனையலாம். இறைவாக்கினர் எரேமியா அதைக் கண்டுதான் இறைவனின் பொறுமையைப் புரிந்துகொண்டார். மரத்தில் அது நடக்காது. எடுத்தது எடுத்ததுதான். மூக்கில் ஒரு சீவல் கூடுதலாகப் போய்விட்டால் அதை மறுபடி ஒட்ட முடியாது. அதனால் செதுக்குகிறவர் முதல் வெட்டிலேயே கடைசியை நினைக்க வேண்டும். அந்தோணியார் என்றால் நம் மனக்கண்ணில் கையில் குழந்தை இயேசுவோடு நிற்பவர். ஒரே கட்டையில் அப்படி ஓர் உருவம் செய்வதென்றால், குழந்தைக்கு வேண்டிய மரத்தை முதல் நாளிலேயே விட்டு வைக்க வேண்டும். முதலில் அந்தோணியாரைச் செதுக்கி முடித்துவிட்டு, இடம் இருந்தால் குழந்தையைச் சேர்ப்போம் என்றால் குழந்தைக்கு மரமே இருக்காது.

அன்புக்குரியவர்களே, நம் குடும்ப வாழ்க்கைக்கும் இது பொருந்தும் அல்லவா? வீடு கட்டி முடியட்டும், கடன் அடையட்டும், பிள்ளைகள் வேலைக்குப் போகட்டும், அதன் பிறகு இறைவனுக்கு நேரம் கொடுப்போம் என்கிறோம். எல்லாம் செதுக்கி முடிந்த பிறகு அவருக்கென்று மரம் மிஞ்சுவதில்லை.

ஆடுகிற கப்பலில், நோயாளிகளின் முனகலுக்கு நடுவே, அந்த மனிதர் இத்தனை கவனத்தோடு வேலை செய்திருக்கிறார். அவருக்கும் நோய் தொற்றியிருக்கலாம். எந்த நேரத்தில் தமக்கும் வயிறு புரளும் என்று எதிர்பார்த்துக்கொண்டேதான் அவர் கத்தி பிடித்திருப்பார். அந்த நேரத்தில் அவர் வாயால் என்ன மன்றாடினார் என்பதை மரபு சொல்லவில்லை. கையால் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறது. சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் ஓர் அழகான பகுதி இருக்கிறது. உழவர், முத்திரை செதுக்குகிறவர், கொல்லர், குயவர் எல்லோரையும் வரிசையாகப் பேசுகிறது. இவர்கள் மன்றத்தில் அமர்வதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் எந்த நகரிலும் யாரும் குடியிருக்க முடியாது என்கிறது. கடைசியில் அந்த நூல் சொல்வதுதான் வியப்பு. இவர்கள் செய்யும் தொழிலே இவர்களுடைய மன்றாட்டு என்ற பொருளில் அது முடிகிறது. அந்தக் கப்பலில் ஒவ்வொரு சீவலும் ஒரு மன்றாட்டாக விழுந்தது.

ஏன் அந்தோணியார்? வானதூதர்களும் திருத்தூதர்களும் இருக்க, இவரை ஏன் செதுக்கினார்? அந்தோணியாரின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு விடை எளிது. பதுவை நகர அந்தோணியார் என்று நாம் அழைத்தாலும் அவர் பிறந்தது 1195-ஆம் ஆண்டு, லிஸ்பனில். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ. நம் கடற்கரையில் வீட்டுக்கு வீடு கேட்கிற பெயர்தான் அது! மாலுமிகளுக்கு அவர் சொந்த ஊர்க்காரர். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. மொராக்கோவில் மறைச்சாட்சிகளாக இறந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்களைக் கண்ட அந்தோணியார், தாமும் அங்கே போய் உயிர் கொடுக்க ஆசைப்பட்டார். போனார். போன இடத்தில் நோய் வந்து படுக்கையில் விழுந்தார். மாதக்கணக்கில் எழ முடியவில்லை. சரி, ஊருக்குத் திரும்புவோம் என்று 1221-இல் கப்பல் ஏறினார். புயல் அந்தக் கப்பலைத் திசை மாற்றிச் சிசிலித் தீவில் கொண்டுபோய்ப் போட்டது. அங்கிருந்துதான் இத்தாலியில் அவருடைய பணி தொடங்கியது.

ஆக, அந்தத் தச்சர் தேர்ந்துகொண்டவர் கடலில் நோயோடு கிடந்த ஒரு புனிதர். நினைத்த கரையில் இறங்க முடியாமல், நினைக்காத கரையில் இறங்கியவர். நம் துயரத்தை ஏற்கெனவே பட்டவரிடம்தான் நாம் மனம் திறந்து பேச முடியும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு கடினமான கேள்விக்கு வருவோம். நம் பிரிந்த சகோதரர்கள் சிலர் இதைக் கேட்பதுண்டு. நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒரு மரத்துண்டைச் செதுக்கி அதன் முன் மன்றாடுவது சரியா? இதைத் திருவிவிலியமே கேட்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சாலமோனின் ஞானம் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு மரவேலைக்காரர் நல்ல மரத்தையெல்லாம் பாத்திரத்துக்குப் பயன்படுத்துகிறார், கழிவை அடுப்பில் போடுகிறார். எதற்கும் உதவாத, கோணலும் கணுவுமான ஒரு துண்டை மட்டும் பொழுதுபோக்காகச் செதுக்கி, செந்நிறம் பூசி, விழாதபடி சுவரில் ஆணி அடித்து மாட்டுகிறார். பிறகு தன்னைத்தானே தாங்க முடியாத அதனிடமே உடல்நலம் கேட்கிறார். அடுத்த அதிகாரம் கடலுக்கே வந்துவிடுகிறது. பயணம் புறப்படும் மாலுமி, தான் ஏறியிருக்கும் கப்பலைவிட வலுவற்ற ஒரு மரத்துண்டை நோக்கிக் கூப்பிடுகிறானே என்று எள்ளி நகையாடுகிறது. உவரிக் கப்பலையே நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது அல்லவா?

அதனால் நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஞான நூல் கண்டிக்கிற மனிதர் யார்? மரத்திடம் கேட்கிறவர். செதுக்கி முடித்ததும் தம் பொறுப்பை அதன் தலையில் வைத்துவிடுகிறவர். அதுவும் நல்லதையெல்லாம் தமக்கு வைத்துக்கொண்டு, கழிவில் ஒரு துண்டையும் மிச்சத்தில் ஒரு மணி நேரத்தையும் கடவுளுக்கென்று ஒதுக்குகிறவர். நம் தச்சர் மரத்திடம் கேட்கவில்லை. மரத்தைச் செதுக்கிக்கொண்டே இறைவனிடம் கேட்டார், தம் ஊர்ப் புனிதரின் பரிந்துரையை வேண்டிக் கேட்டார். 787-ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் இதைத் தெளிவாக்கியது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அந்த உருவம் காட்டுகிறவரைச் சென்று சேர்கிறது, வழிபாடோ இறைவன் ஒருவருக்கே உரியது. கப்பலுக்குப் போன கணவனின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உறங்கப் போகும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் கண்ணாடியை நேசிப்பதாக யாரும் சொல்ல மாட்டோம்.

அதே ஞான நூல், கேலி செய்த அதே அதிகாரத்தில், உடனே குரலை மாற்றுவதையும் கவனிக்க வேண்டும். கப்பலைக் கட்டுவது மனிதத் திறமை, ஆனால் அதை நடத்துவது இறைவனின் பராமரிப்பு என்கிறது. மக்கள் மிகச் சிறிய மரத்துண்டையும் நம்பி உயிரை ஒப்படைத்து அலைகளைக் கடந்து கரை சேர்கிறார்கள் என்கிறது. கட்டுமரத்தில் போய்வந்த நம் தாத்தாக்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நோவாவின் பேழையை நினைவூட்டி, நீதி வரக் காரணமான மரம் ஆசி பெற்றது என்று அந்நூல் போற்றுகிறது. திருச்சபையின் தந்தையர் அந்த மரத்தில் திருச்சிலுவையைக் கண்டார்கள்.

இதற்கும் நம் கரையிலேயே சான்று உண்டு. மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலின் மரபை நீங்கள் அறிவீர்கள். 1540-ஆம் ஆண்டுவாக்கில் புயலில் சிக்கிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரம் முறிந்தது. உயிரோடு கரை சேர்ந்தால், முறிந்த அந்த மரத்திலேயே சிலுவை செய்து கரையில் நடுவதாகத் தலைவர் நேர்ந்துகொண்டார், அப்படியே நட்டார் என்பது மரபு. மணப்பாட்டில் முறிந்த மரம் சிலுவையானது. உவரியில் நோய்க் கப்பலின் மரம் புனிதரின் உருவமானது. இரண்டு இடத்திலும் மக்கள் கடையில் வாங்கி வந்ததைக் கொடுக்கவில்லை. தங்களை அழிக்க வந்த துன்பத்துக்குள்ளிருந்தே ஒரு துண்டை எடுத்து, கையால் வேலை செய்து, காணிக்கை ஆக்கினார்கள்.

நேர்ச்சை என்றால் என்ன என்பதை இங்கேதான் நாம் கற்றுக்கொள்கிறோம். அது பேரம் அல்ல. இது தந்தால் அது தருவேன் என்ற கணக்கு அல்ல. செருமனியில், பவேரிய மலையடிவாரத்தில், ஓபெராம்மர்காவ் என்ற ஒரு சிற்றூர் இருக்கிறது. ஏறக்குறைய 5,000 பேர் வாழும் ஊர். தலைமுறை தலைமுறையாக மரத்தில் சிறு உருவங்கள் செதுக்குவதற்குப் பெயர்பெற்றது. 1633-இல் அங்கே கொள்ளைநோய் பரவியபோது, ஊர் மக்கள் கூடி, ஆண்டவரின் பாடுகளை நாடகமாகக் காலந்தோறும் நடித்துக் காட்டுவோம் என்று நேர்ந்துகொண்டார்கள். 1634-இல் முதன்முதலாக நடித்தார்கள். இன்றும் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது நடக்கிறது. வெளியிலிருந்து நடிகர்களைக் கூலிக்கு அழைப்பதில்லை. ஊர்க்காரர்களே, தச்சர்களும் கடைக்காரர்களும் பள்ளிப்பிள்ளைகளுமாக, மேடை ஏறுகிறார்கள். 2020-இல் கொரோனா காரணமாகத் தள்ளிப்போய், 2022-இல் நடந்தது. கொள்ளைநோயில் பிறந்த நேர்ச்சையை இன்னொரு கொள்ளைநோயாலும் அழிக்க முடியவில்லை. அப்பன் நேர்ந்ததைப் பிள்ளையும், பிள்ளை நேர்ந்ததைப் பேரனும் தன் உடம்பால் செய்கிறார்கள்.

நம் திருத்தலங்களிலும் அந்த உணர்வு உயிரோடு இருக்கிறது. அந்தோணியார் திருத்தலங்களில் அசனம் கொடுக்கிற குடும்பங்களைப் பாருங்கள். அரிசி கழுவி, காய் நறுக்கி, அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறி, யாரென்றே தெரியாதவர்களை வரிசையில் அமர்த்திப் பரிமாறுகிறார்கள். அதுவும் கைவேலைதான். அங்கே கறிக்கத்தி, இங்கே செதுக்குகத்தி, அவ்வளவுதான் வேறுபாடு. காணிக்கைக் கடையில் வெள்ளித்தகட்டுக் கையையோ காலையோ வாங்கிப் பீடத்தில் வைப்பதில் தவறில்லை. ஏழையின் பத்து ரூபாய் மெழுகுதிரியும் இறைவனுக்கு விலை உயர்ந்ததே. ஆனால் பணம் கொடுத்த அந்த நொடியோடு நம் நேர்ச்சை முடிந்துவிடக் கூடாது. நம் நேரமும் நம் கையும் அதில் இருக்க வேண்டும்.

தச்சரின் நேர்ச்சையில் இன்னும் ஒன்று உண்டு. அவர் தமக்காக மட்டும் கேட்கவில்லை. கப்பலில் கிடந்த எல்லோருக்காகவும் கேட்டார். முத்துக்குளித்த காலத்தில், கீழே இறங்குகிறவரின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவர் அவருடைய மச்சானாக இருப்பார் என்று நம் பக்கத்தில் சொல்லுவார்கள். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அதனால் பிடித்த கை தளராது என்பார்கள். மற்றவர்களின் உயிர் தம் கையில் இருக்கிறது என்று உணர்ந்த கையே உண்மையில் மன்றாடும் கை. அந்தத் தச்சரும் கப்பல் முழுவதுக்கும் கயிறு பிடித்தார்.

வேலை முடிந்ததும் அவர் அதை விட்டுவிட்டார். அதையும் மறக்க வேண்டாம். தம் கையால் செய்த ஒன்று, உயிர் காத்தது என்று நம்பிய ஒன்று. அதைக் கப்பலிலேயே வைத்துக்கொள்ள ஆசை வந்திருக்காதா? லிஸ்பனுக்குக் கொண்டுபோய் மனைவி மக்களிடம் காட்ட ஆசை வந்திருக்காதா? ஆனால் முன்பின் தெரியாத ஒரு கரையில், மொழி தெரியாத மக்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் தம் பெயரையும் வெட்டி வைக்கவில்லை. அவர் வைத்துக்கொண்டிருந்தால் அது ஒரு குடும்பத்தின் பொருளாகப் போயிருக்கும். விட்டுப் போனதால் ஒரு கடற்கரைக்கே அடைக்கலம் ஆனது.

அன்புக்குரியவர்களே, மே முதல் நாளில் இவற்றையெல்லாம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நாசரேத்து ஊரார் செய்தது நம் தெருவிலும் நடக்கிறது. மரவள்ளங்கள் போய் பைபர் படகுகள் வந்த பிறகு, நம் கரையில் வாய்ச்சியும் உளியும் பிடித்த கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. ஆனால் பெருமை ஒரு பக்கம் இருக்க, செதுக்குகிறவரின் கூலியில் பேரம் பேசுகிறவர்களும் நாம்தான். வேலையை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை வா, அடுத்த வாரம் வா என்று அலைய விடுவது பாவம். உழைத்தவரின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிட வேண்டும் என்பது இறைவன் மோசே வழியாகத் தந்த கட்டளை. அதில் விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கல்லூரிப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் எழுதும்போது உங்கள் பேனா தயங்குகிறதா? தச்சு வேலை, வலை வேலை, உப்பள வேலை, மூட்டை தூக்கும் வேலை என்று எழுதக் கூச்சமா? உங்களுக்கு முன்னால் ஒருவர் அதே பெயரைச் சுமந்தார். ஊரார் அதைச் சொல்லித் தாழ்த்தினார்கள். அவர் மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. உங்கள் அப்பாவின் உள்ளங்கையை இன்று இரவு ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நீங்கள் படித்த படிப்பு முழுவதும் அங்கே காய்ப்புக் காய்ப்பாக எழுதியிருக்கும்.

நிறைவாக, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நோயில் கிடக்கும் ஒருவருக்காக, கையால் ஒன்று செய்வோம். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம். கட்டிலின் ஆடும் காலைச் சரிசெய்து கொடுக்கலாம். மரவேலை தெரிந்த தாத்தா இருந்தால், பேரனை அருகில் உட்காரவைத்து, வரும் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு ஓர் ஆட்டுக்குட்டியையாவது செதுக்கத் தொடங்கலாம். மே மாதம் தொடங்கினால் டிசம்பருக்குள் ஒரு மந்தையே சேர்ந்துவிடும். கத்தியைத் தம்மை விட்டு வெளிப்பக்கமாக ஓட்டச் சொல்லிக்கொடுங்கள், நாரின் திசையைக் காட்டுங்கள், வேலை நடக்கும்போதே நோயாளியின் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். செய்து முடித்ததைக் கொடுத்துவிடுங்கள். அதில் பெயர் எழுத வேண்டாம்.

மன்றாடுவோம். தச்சரின் இல்லத்தில் வளர்ந்த இயேசுவே, உழைக்கிற கைகளை ஆசீர்வதியும். வேலை இழந்த கைகளுக்கு வேலை தாரும். கடலில் இருப்போரையும் நோயில் கிடப்போரையும் கரை சேர்த்தருளும். எங்கள் வாழ்க்கை என்னும் கட்டையில் உமக்கு வேண்டிய இடத்தை முதல் வெட்டிலேயே விட்டு வைக்கும் ஞானத்தை எங்களுக்குத் தாரும். தொழிலாளரான புனித யோசேப்பே, உவரிப் பதியில் வாழும் புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.